1972 செவ்ரோலே பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல்: தொடங்கும் முன் யாரும் எனக்குச் சொல்லாதவை

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகருக்கு வெளியே குடியிருக்கும் நான், என்னிடம் உள்ள 1972 செவ்ரோலே சி-10 பிக்கப்பின் பெட்ரோல் வி-8 இன்ஜினை இறக்கிவிட்டு, கம்மின்ஸ் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் 4பி.டி. டீசல் இன்ஜினை ஏற்றி முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. ஒதுக்கி வைத்த பணம் 8,000 டாலர். செலவானது 16,000 டாலர். கூடுதலாகப் போன அந்த 8,000 டாலரில் பெரும்பகுதி இன்ஜினுக்காகப் போகவில்லை. பிரேக், கியர் பாக்ஸ், எரிபொருள் டேங்க், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங், ஸ்பிரிங் என்று இன்ஜினைச் சுற்றியுள்ள பொருள்களுக்குத்தான் போனது. இந்த வேலையில் கூட வந்து நின்று வழிகாட்ட எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அலுவலகம் முடிந்த பிறகும் வார இறுதிகளிலும் வீட்டுக் கொட்டகையில் தனியாகவே செய்தேன். இதே எண்ணத்தில் இருக்கும் ஒருவருக்காவது பயன்படட்டும் என்று, நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். டீசல் இன்ஜின் குறைந்த வேகத்தில் சுமையை இழுக்கும் ஓசையின்மீது எனக்கு இருக்கும் பற்றை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அந்தப் பற்று மட்டும் காரணமன்று. தீவன மூட்டைகளும் மரமும் ஏற்றி, பின்னால் ஒரு டிரெய்லரையும் கட்டிக்கொண்டு போகும்போது பழைய வி-8 கேலனுக்குப் பத்து, பதினொரு மைல்தான் கொடுத்தது. இந்த ஊரில் இத்தகைய மாற்றம் செய்பவர்கள் முதலில் தேடுவது 4பி.டி. இன்ஜினைத்தான். சிலிண்டரின் விட்டம் (போர்) 102 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 120 மி.மீ., 3.9 லிட்டர், டர்போ, நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் அமைப்பு. டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் 1989 முதல் வந்த 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினும் இதே பி வரிசையைச் சேர்ந்தது. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளில் ஓடியதும் இதே வரிசைதான். இங்கே கடைகளுக்கு ரொட்டியும் சிப்ஸும் கொண்டுபோன பெட்டி வேன்களில் 4பி.டி. ஏராளமாக இருந்ததால், பழைய இன்ஜின்கள் இன்னமும் விற்பனைக்கு வருகின்றன.

எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு வேனிலிருந்து இறக்கியதுதான். இன்ஜினையும் அதோடிருந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியையும் சேர்த்து 4,200 டாலர் கேட்டார்கள். இரும்புத் தாங்கியில் வைத்து ஓட்டிக் காட்டினார் விற்றவர். முதல் செல்ஃபிலேயே பிடித்தது, புகையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பனி இறங்கிய ஒரு காலையில் செல்ஃப் அடித்தபோது வேறு ஓர் இன்ஜினைப் பார்ப்பது போல் இருந்தது. நெடுநேரம் சுற்றிய பிறகே பிடித்தது, கொட்டகை முழுவதும் வெண்புகை சூழ்ந்தது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று விட்டுவிட்டு அடித்தது. நான் போய்ச் சேருவதற்கு முன்பே விற்றவர் இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. சூடான டீசல் இன்ஜின் தன் குறைகளில் பாதியை மறைத்துவிடும். நாசில்களைக் கழற்றிச் சோதித்ததில் இரண்டு பீய்ச்சாமல் சொட்டின; பிஸ்டன் ரிங்குகளும் தேய்ந்திருந்தன. ரிங், கேஸ்கட், நாசில், பம்ப் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,300 டாலர் ஆனது. அந்த வாரம் எனக்கு இருந்த கோபத்தையும் அவமான உணர்வையும் இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே, பழைய டீசல் இன்ஜின் வாங்கப் போகிறவர், தான் வந்து பார்க்கும்வரை இன்ஜினை ஓட்டக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனவுடன் முதல் வேலையாகச் சிலிண்டர் பிளாக்கின்மீது கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது வேறொரு நாள் வர வேண்டும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின்மீதே தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி இலேசாக ஆடினால் குற்றமில்லை; காற்று அதைத் தூக்கி எறிந்தால் ரிங் வேலை காத்திருக்கிறது என்று பொருள். வேனின் மைல் கணக்கையும் நம்ப வேண்டாம். கடைக்குக் கடை நின்று சரக்கு இறக்கும் வண்டி, ஓடிய நேரத்துக்கு ஈடாக நின்றபடி உறுமிய நேரமும் வைத்திருக்கும். அந்த மணிக்கணக்கு எந்த மீட்டரிலும் ஏறுவதில்லை.

இன்ஜின் பிரிந்து கிடந்த அந்த நேரத்தில் ஒரு நன்மையும் நடந்தது. 1998க்கு முந்தைய பி வரிசை இன்ஜின்களில், இன்ஜினின் முன்பக்கத்தில் உள்ள டைமிங் கியர்களின் உறையைச் சரியான இடத்தில் உட்கார வைக்க ஓர் எஃகு ஊசி அடிக்கப்பட்டிருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது இறுக்கம் ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து சில இன்ஜின்களில் இந்த ஊசி நகர்ந்து வெளியே வந்து, சுழலும் கியர்களுக்கு நடுவே விழுந்துவிடும். அப்படி விழுந்தால் கியர் பல் உடையலாம், அந்த உறையே பிளந்துபோகலாம். முன் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, என் இன்ஜினில் அந்த ஊசி ஏறத்தாழ பாதி வெளியே நீட்டிக்கொண்டு, ஆயில் பூசி மினுங்கிக்கொண்டிருந்தது. விரல்நுனியால் தொட்டால் அசைந்தது. ஊசியை உள்ளே தட்டி, பக்கத்துப் போல்ட்டின் அடியில் ஒரு சிறு தகட்டைக் கொடுத்து அதன் வாயை அடைத்துவிட்டால் ஆயுளுக்கும் பிரச்சினை இல்லை. தகடு சில டாலர்தான். ஆனால் இன்ஜின் வண்டியில் ஏறிய பிறகு இதைச் செய்ய ரேடியேட்டர், ஃபேன், கிராங்க் புல்லி என்று எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். இன்ஜின் தரையில் இருக்கும்போதே முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். மற்ற எந்த அறிவுரையை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து வந்தது கியர் கணக்கு. இந்த மாற்றத்தின் மையமே இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆனால் இன்ஜின் விற்றவரோ, இன்ஜினைக் கியர் பெட்டியோடு சேர்க்கும் இணைப்புத் தகடு விற்ற கடையோ இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்ரோல் வி-8 நாலாயிரம் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கான சுற்றுகள்) தாண்டியும் சுற்றும். 4பி.டி. 2,500 அருகிலேயே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பிடித்து நின்றுவிடும். அதன் பலம் 105 குதிரைத்திறன் என்ற எண்ணில் இல்லை, 1,600 ஆர்.பி.எம். பக்கத்திலேயே கிடைக்கும் 265 பவுண்ட்-அடி முறுக்குவிசையில் இருக்கிறது. ஆர்.பி.எம்.மை டயரின் விட்டத்தால் அங்குலக் கணக்கில் பெருக்கி, அதைப் பின் அச்சு விகிதம், கியர் விகிதம், 336 ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது வந்துவிடும். என் வண்டியில் டயர் 29 அங்குலம், பின் அச்சு 3.73. மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கின் கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்று. கணக்குப் போட்டால், இன்ஜின் தன் எல்லையில் அலறும்போதும் வண்டி 58 மைலைத் தாண்டாது. எழுபது மைலில் மற்றவர்கள் போகும் நெடுஞ்சாலையில் அது ஆபத்து.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பின் அச்சை 3.07 விகிதத்துக்கு மாற்றினால் அதே 2,500இல் 70 மைல் கிடைக்கும். செலவும் குறைவு, ஆனால் சுமையோடு மேட்டில் நின்று கிளம்பும்போது இழுவை குறையும். டிரெய்லர் கட்டுகிறவன் என்பதால் நான் மற்ற வழியைத் தேர்ந்தேன்: ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட வேகமாக ஷாஃப்டைச் சுழற்றும் கியர்) உள்ள என்.வி.4500 என்ற ஐந்து கியர் மேனுவல் பெட்டி. ஐந்தாம் கியர் 0.73 என்பதால் 70 மைலில் இன்ஜின் 2,200தான் சுற்றுகிறது. வார்ப்பிரும்பு உறை, ஏறத்தாழ 90 கிலோ எடை. தனி ஆளாகத் தூக்க முயலவே கூடாது. பழையது வாங்கும்போது பின் உறையைக் கழற்றி, ஐந்தாம் கியரைப் பிடிக்கும் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது தளர்வது இந்தப் பெட்டியில், குறிப்பாக டாட்ஜ் வண்டிகளில் வந்தவற்றில், தெரிந்த குறை. பெட்டி 2,100, இணைப்பு உறை, ஃப்ளைவீல், கிளட்ச் ஆகியவை 1,900, நீளம் மாற்றிய புரொப்பல்லர் ஷாஃப்ட் 450 டாலர். இணைப்பு உறையைப் பூட்டியதும், நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்து மையம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் விலகினால் கியர் பெட்டியின் முன் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரமே கெடும். எனக்கு வந்த உறை அதைப்போல் இரு மடங்கு விலகியிருந்தது. விற்ற கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்தது. உள்ளூர் லேத்தில் கொடுத்துச் சரிசெய்த பிறகே வேலை நகர்ந்தது.

ஏற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சி-10இன் பானெட்டுக்கு அடியில் இடம் தாராளம். ஆயில் பேன் முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்காதபடி இன்ஜினைச் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார வைத்தேன். இன்ஜின் மட்டும் ஏறத்தாழ 340 கிலோ. இறக்கிய வி-8ஐவிட எண்பது கிலோ அதிகம். அதனால் முன் ஸ்பிரிங்குகளைக் கனமானவையாக மாற்ற வேண்டியிருந்தது.

அதிர்வைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 3.9 லிட்டரை நான்கே சிலிண்டரில் அடைத்து, சமநிலைத் தண்டு எதுவும் வைக்காமல் செய்த இன்ஜின் இது. மெதுவாக ஓடும்போது நொடிக்கு இருபத்தைந்து முறை அளவில் மொத்த வண்டியையும் உதறும். இணைப்புத் தகட்டோடு வந்த மவுண்டிங்குகள் கெட்டியான யூரித்தேனால் ஆனவை. இறுக்கமாகப் பிடிப்பதே நல்லது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். முதல் முறை தெருவுக்கு எடுத்துவந்தபோது பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் கார் ஒரு மங்கலான கறையாகத் தெரிந்தது. சில வாரங்களில் டேஷ்போர்டு திருகுகள் தாமாகக் கழன்று விழுந்தன, புகைக்குழாயின் தாங்கி விரிந்தது, ரேடியேட்டர் பற்றவைப்பில் கசிவு வந்தது. என் மனைவி ஒருமுறை ஏறி அமர்ந்து, தெருமுனை வரை வந்து, பல் கூசுகிறது என்று சொல்லி இறங்கிவிட்டார். இத்தனை பணமும் மாலைகளும் கொட்டிய பிறகு வண்டி யாரும் உட்கார முடியாததாக ஆகிவிட்டதே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் கழற்றி விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

தீர்வு எதிர்த்திசையில் இருந்தது. இத்தகைய இன்ஜினை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அது தன்போக்கில் ஆட இடம் விட்டு, அந்த ஆட்டம் சேஸிஸுக்குள் இறங்காமல் தடுக்க வேண்டும். உள்ளே திரவம் நிரப்பிய மென்மையான மவுண்டிங்குகளை வாங்கி, அதற்கேற்பத் தாங்கிகளை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். கியர் பெட்டியின் பின்பக்கத் தாங்கியையும் மென்மையான ரப்பருக்கு மாற்றினேன். இன்ஜின் இப்போது ஓர் அங்குலம் வரை ஆடுகிறது. ஆகவே புகைக்குழாயில் வளையும் இணைப்பும், டீசல் குழாய்களில் நெகிழும் ரப்பர் துண்டும், ஃபேன் உறையில் போதிய இடைவெளியும் கட்டாயம். ஐடிலையும் (நின்றபடி ஓடும் வேகம்) சற்று உயர்த்தி வைத்தேன். முற்றிலும் போகவில்லை என்றாலும், மனைவி இப்போது ஒரு மணி நேரம் உடன் வருகிறார். மவுண்டிங்குகளுக்கு இருமுறை சேர்த்து 650 டாலர். தொடக்கத்திலேயே மென்மையானதை வாங்கினால் பாதி மிச்சம்.

பிரேக்கைப் பற்றிய எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது திராட்டில் தகட்டின் பின்னால் வெற்றிடம் உருவாகிறது; மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. இத்தகைய டீசல் இன்ஜினில் திராட்டில் தகடே இல்லை, ஆகையால் வெற்றிடமும் இல்லை. பழைய பூஸ்டரை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் பெடல் கல்லாக நிற்கும், முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டி எளிதில் நிற்காது. வெற்றிட பம்ப் ஒன்றைச் சேர்க்கலாம். அல்லது பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோபூஸ்ட் அமைப்புக்கு மாறலாம். கனமான வண்டிக்கு ஹைட்ரோபூஸ்ட் சிறந்தது என்பது என் அனுபவம். அதற்கேற்ற ஸ்டீயரிங் பம்பும் உயர் அழுத்தக் குழாய்களும் தேவை என்பதால் மொத்தம் 800 டாலர் ஆனது. இன்ஜின் வாங்கும் முன்பே இந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

1967 முதல் 1972 வரை வந்த இந்தப் பிக்கப்புகளில் எரிபொருள் டேங்க், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கும். டீசல் பம்புக்குப் போகிற எண்ணெயில் ஒரு பகுதி எப்போதும் டேங்குக்குத் திரும்பி வரும். பழைய டேங்கில் அதற்கு வாய் இல்லை. அதைத் துளையிட்டுப் பற்றவைப்பதைவிட, கேபினிலிருந்தே வெளியேற்றிவிட முடிவு செய்து, செவ்ரோலே பிளேசர் வண்டிக்கான டேங்க் ஒன்றைப் பின்பக்கம் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டேன். குழாய், வடிகட்டி எல்லாம் சேர்த்து 700 டாலர். இருக்கைக்குப் பின்னால் எண்ணெய் நெடியும் ஒழிந்தது, சாமான் வைக்க இடமும் கிடைத்தது. செம்புக் குழாயும் நாகம் பூசிய இரும்பும் டீசலோடு வேதிவினை புரிந்து எண்ணெயைக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முதன்முறை ஓட விடும்போது குழாய்களில் ஏர் லாக் நிச்சயம் இருக்கும். ஃபீட் பம்பின் லீவரைக் கையால் அழுத்தி அழுத்தி வடிகட்டி வரை ஏர் எடுத்த பிறகு, நாசில் பக்கத்துக் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால், முதலில் நுரை வரும், பிறகு தெளிந்த டீசல் துடித்துத் துடித்து வரும். அப்போது ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். கசிவு எங்கே என்று தேட ஒருபோதும் கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. காற்று உறிஞ்சும் வாயை முழுமையாக மூடக்கூடிய தடித்த மரப்பலகை ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தேன். டர்போவின் சீல் கெட்டு இன்ஜின் ஆயிலையே எரிபொருளாகக் குடிக்கத் தொடங்கினால், சாவியைத் திருப்பினாலும் டீசல் இன்ஜின் நிற்காது. காற்றை அடைப்பதே நம்பகமான வழி. எனக்கு அது தேவைப்படவில்லை. பலகை இன்னமும் கொட்டகையில் அதே இடத்தில் இருக்கிறது, புதிதாக எதைக் கழற்றி மாட்டினாலும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பணத்தை மிச்சப்படுத்த இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு என் கணக்கைக் காட்டிவிடுகிறேன். சுமையோடும் சுமையின்றியும் கலந்து ஓட்டியதில் பெட்ரோலில் 12 மைல் கிடைத்த இடத்தில் இப்போது 22 மைல் கிடைக்கிறது. ஆண்டுக்கு 6,000 மைல் ஓட்டினால் 500 கேலன் வேண்டியிருந்த இடத்தில் 273 கேலன் போதும். பெட்ரோல் கேலன் 3 டாலர், டீசல் மூன்றரை என்று வைத்தால் ஆண்டுக்கு மிச்சம் 545 டாலர். போட்ட 16,000 திரும்ப வர இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகும். ஆகவே எரிபொருள் செலவை மட்டும் மனத்தில் வைத்து இதில் இறங்க வேண்டாம். கனமான டிரெய்லரை மூன்றாம் கியரில் மேடேற்றும்போது இன்ஜின் சிறிதும் திணறாமல் இழுப்பதுதான் எனக்குக் கிடைத்த பலன், அது எனக்குப் போதும்.

கடைசியாக, ஆவணங்கள். பதிவில் எரிபொருள் வகை பெட்ரோல் என்று இருந்ததை மாவட்ட வரி அலுவலகத்தில் டீசல் என்று மாற்றிக்கொண்டேன். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இன்ஜின் மாற்றத்துக்கான புகை விதிகள் மிகவும் கடுமையானவை. உங்கள் மாநிலத்தின் விதியை இன்ஜின் வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைக்காமல் சொல்லி, ரசீதுகளையும் படங்களையும் கொடுத்து, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகைப் பாலிசியாக மாற்றிக்கொள்வது நல்லது. சாதாரணப் பாலிசியில் விபத்து நேர்ந்தால் ஐம்பது ஆண்டு பழைய பிக்கப்பின் சந்தை விலையைத்தான் தருவார்கள்; இந்த இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் போட்ட பணம் அந்தக் கணக்கில் வராது.